பெயர்கள் உங்கள் பெட்டியில் இருக்கின்றன: கடற்கரை ஊர்ப் பெரியவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தொண்டி முதல் மூக்கையூர் வரையுள்ள பங்குத்தந்தையர், ஜமாஅத் நிர்வாகிகள், ஊர்த் தலைவர்கள், கோயில் கணக்குப் பார்ப்பவர்கள் அனைவருக்கும் வணக்கமும் ஸலாமும்.

2027 மார்ச் 1-ஐக் கணக்கு நாளாக வைத்து அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வருகிறது. “பழைய கணக்குல எங்க பாட்டனார் பேர் இருக்குமே, எடுத்துப் பார்க்க முடியாதா?” என்று பாம்பன், தங்கச்சிமடம் பக்கத்துப் பிள்ளைகள் கேட்கிறார்கள். முடியாது. 1871 முதல் சென்னை மாகாணத்தில் பத்தாண்டுக்கு ஒருமுறை தலை எண்ணினார்கள். வீடு வீடாக எழுதிய தாள்களிலிருந்து சாதி, மதம், தொழில் வாரியாகக் கூட்டுத்தொகை போட்டு அச்சிட்டார்கள். பெயர் எழுதிய தாள்களை வேலை முடிந்ததும் கழித்துவிட்டார்கள். விடுதலைக்குப் பிந்தைய கணக்குகளுக்கு 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு பூட்டுப் போட்டிருக்கிறது. அந்தப் பதிவைப் பார்க்க யாருக்கும் உரிமையில்லை. வழக்கில் சாட்சியமாகவும் செல்லாது. 1961-இல் தனுஷ்கோடியிலும் எண்ணினார்கள். அங்கே யார் யார் இருந்தார்கள் என்பது நமக்குக் கிடைக்காது. மூன்றே ஆண்டில், 1964 டிசம்பர் 22 இரவு, ஊரையே கடல் கொண்டுபோனது.

மிச்சமுள்ள பெயர்கள் உங்கள் ஊர் ஏடுகளில்தான் இருக்கின்றன. அதனால்தான் இந்த மடலைச் சென்னைக்கோ டெல்லிக்கோ எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

அயர்லாந்துக்காரர்கள் நமக்கு முன்னால் இந்தக் கஷ்டத்தைப் பட்டவர்கள். 1922-இல் உள்நாட்டுப் போரில் டப்ளின் ஆவணக் காப்பகம் எரிந்தபோது 1821 முதல் 1851 வரையிலான கணக்கெடுப்புத் தாள்களில் பெரும்பகுதி சாம்பலானது. 1861 முதல் 1891 வரையானவற்றை அதற்கு முன்பே அரசாங்கமே அழித்திருந்தது. அவர்கள் நில வரி மதிப்பீட்டு ஏடுகளையும் தசமபாக வரி (திருச்சபைக்குக் கட்டிய வரி) ஏடுகளையும் கையில் எடுத்தார்கள். இன்னொன்றும் அகப்பட்டது. 1909-இல் முதியோர் ஓய்வூதியம் வந்தபோது எழுபது வயது ஆனதை நிரூபிக்க, 1841, 1851 கணக்குகளில் தேடி எழுதிக்கொடுத்த தாள்கள் வேறோர் இடத்தில் இருந்ததால் தப்பின. மூலம் போனாலும், யாரோ ஒரு கிழவிக்காகப் பார்த்து எழுதிய நாலு வரி பிழைத்துக்கொண்டது.

வரி ஏடு நம்மிடம் இல்லையா என்ன? தலைக்கட்டு வரி நோட்டு எந்த ஊரில் இல்லை? திருவிழாவுக்கும் கொடியேற்றத்துக்கும் கந்தூரிக்கும் வீட்டுக்கு இவ்வளவு என்று வசூலித்தவர்கள், யார் வீடு, யாருக்குக் கல்யாணமாகிப் புதுத் தலைக்கட்டு ஆனது, யார் ஊரைவிட்டுப் போனார் என்று வருஷா வருஷம் எழுதி வைத்திருக்கிறார்கள். பத்தாண்டுக்கு ஒருமுறை வரும் சர்க்கார் கணக்கைவிட இது நெருக்கமானது. ஒரு குறை, இதில் பெண்கள் பெயர் அநேகமாக இருக்காது. புருஷன் செத்த பிறகு வீட்டை நடத்துபவளைக்கூட ‘இன்னார் சம்சாரம்’ என்றுதான் எழுதுவார்கள். மொய் நோட்டிலும் இதே கதைதான். ஆனால் ஒரு காதுகுத்துக்கு எந்தெந்த ஊரிலிருந்து யார் யார் வந்து எழுதினார்கள் என்று பார்த்தால், கொண்டான் கொடுத்தான் எல்லாம் கண்முன் வந்துவிடும்.

பெண்களைத் தேட வேண்டிய இடம் கோயில் ஞானஸ்நானப் பதிவேடு. பிள்ளை பெயரோடு தாய் பெயர், தகப்பன் பெயர், ஞானத்தாய், ஞானத்தகப்பன் எல்லாம் இருக்கும். பங்குத்தந்தையரே, அதன் ஓரத்தை வெட்டிப் பைண்டிங் செய்துவிடாதீர்கள். ஒருவருக்கு வேறு பங்கில் திருமணம் நடந்தால் அந்தச் செய்தியை ஞானஸ்நானம் பெற்ற பங்குக்கு அனுப்பிக் குறித்து வைக்க வேண்டும் என்பது 1908 முதல் திருச்சபை விதி. பெண் எந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டாள் என்பதை அந்த ஓரக் குறிப்புதான் சொல்லும். திருமணப் பதிவேட்டில் இன்னும் ஒரு புதையல் உண்டு. அத்தை மகளையும் மாமன் மகளையும் கட்டுவது நம் வழக்கம். திருச்சபையில் அதற்கு விதிவிலக்கு வாங்க வேண்டும். எந்த முறையில் சொந்தம் என்று எழுதித்தான் வாங்குவார்கள். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பதால் ஒரே தெருவில் மூன்று அந்தோணி, நாலு முனியசாமி, ஐந்து சேகு என்று திணறும்போது அந்த ஒரு வரி முடிச்சை அவிழ்த்துவிடும். சிவகங்கை மறைமாவட்டம் 1987-இல்தான் உருவானது. அதற்கு முந்தைய கடிதங்கள் மதுரையில் இருக்கக்கூடும்; இயேசு சபையாரின் பழைய தாள்கள் கொடைக்கானல் செண்பகனூரில் இருக்கின்றன. உங்கள் பங்கின் ஏடுகள் எங்கே போயின என்று ஒரு தாளில் எழுதிவைத்தாலே பெரிய உதவி.

ஜமாஅத் நிர்வாகிகளே, உங்கள் நிக்காஹ் தப்தரில் (திருமணப் பதிவேட்டில்) மாப்பிள்ளை, பெண், இரு வீட்டுத் தகப்பன்மார், வலீ (பெண்ணின் பொறுப்பாளர்), சாட்சிகள், மஹர் என்று ஒரே பக்கத்தில் இரண்டு குடும்பம் இருக்கிறது. பழைய ஏடுகள் அர்வியில் (அரபு எழுத்தில் எழுதிய தமிழில்) இருந்தால் இளையவர்கள் திகைக்கிறார்கள். படிக்கத் தெரிந்த பெரியவர் இருக்கும்போதே அவரை உட்காரவைத்து வாசிக்கச் சொல்லி செல்போனில் பதிவு செய்யுங்கள். ஹிஜ்ரி ஆண்டை அப்படியே எழுதுங்கள். ஆங்கில ஆண்டாக மாற்றுவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

வீட்டில் தகரப்பெட்டி வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பழைய கிரயப் பத்திரத்தில் இன்னார் குமாரர், இன்ன ஜாதி, இன்ன ஜீவனம் என்று ஆளையே வரைந்து வைத்திருப்பார்கள். இது ஜமீன் சீமை. 1948-ஆம் ஆண்டு ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்கு முந்தைய ரசீதுகள் சர்க்கார் அலுவலகத்தில் கிடைக்காமல் உங்கள் பெட்டியில் கிடக்கலாம். மண்டபம் முகாம் வழியாக இலங்கைக்குப் போனவர்களின் தாள்களையும், இலங்கைவாழ் இந்திய வம்சாவளியினர் பற்றிய 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் கப்பலில் ராமேஸ்வரம் வந்து இறங்கியவர்கள் கொண்டுவந்த குடும்ப அட்டையையும் குப்பையில் போடாதீர்கள். தனுஷ்கோடிக் குடும்பங்களை இந்தப் பக்கத்துத் தாளை மட்டும் வைத்துத் தேட முடியாது. பெண் கொடுத்த ஊர்களிலும் அக்கரையில் மன்னாரிலும்தான் மிச்சம் இருக்கும்.

ஏட்டைக் காட்டத் தயங்குவதன் காரணம் தெரியாமல் இல்லை. சொத்தில் பங்கு கேட்டு வருவான், சாதியைக் கிளறுவான், தகப்பன் பெயர் இல்லாத பிள்ளையைப் பற்றிப் பேசுவான் என்ற பயம் நியாயமானதுதான். அதற்காக எல்லாவற்றையும் பூட்டி வைத்துக் கரையானுக்கும் உப்புக்காற்றுக்கும் கொடுப்பது என்ன நியாயம்? எழுபத்தைந்து ஆண்டுக்கு உட்பட்டதை அந்தக் குடும்பத்தாருக்கு மட்டும் காட்டுங்கள். பழையதை யார் கேட்டாலும் உங்கள் கண்முன் உட்கார்ந்து பார்க்கவிடுங்கள். ஏட்டை வெளியே கொடுக்காதீர்கள். அட்டை முதல் கடைசிப் பக்கம் வரை விடாமல் படம் எடுங்கள், வெற்றுப் பக்கத்தையும் சேர்த்து. லேமினேஷன் வேண்டாம், செலோடேப் வேண்டவே வேண்டாம். ஒட்டிய இடம் பழுத்து எழுத்தைத் தின்றுவிடும். ஒரு கடற்கரை ஊரில் வெள்ளையடிக்கும்போது பழைய நோட்டுகளை எடைக்குப் போட்டதாகக் கேட்டேன். ஊர் பெயர் வேண்டாம், இனி நடக்காமல் இருந்தால் போதும்.

அடுத்த பங்குப் பேரவையில், ஜமாஅத் பொதுக்குழுவில், ஊர்க்கூட்டத்தில் ஒரே ஒரு தீர்மானம் போடுங்கள். எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை என்னென்ன ஏடு இருக்கிறது, நடுவில் எது இல்லை என்று ஒரு பட்டியல் எழுதி வாசலில் ஒட்டுங்கள். படம் எடுக்க ஆள் வேண்டுமென்றால் சொல்லியனுப்புங்கள், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
பாம்பனிலிருந்து, வம்சாவளி தேடும் ஒருவன்