ஏழாவது நிபந்தனையை எடுத்துவிடுங்கள்: உருவப்படக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழுத் தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். என்னை உங்களுக்குத் தெரியும். உங்கள் மாடிப்படி ஓரமாக வரிசையில் மாட்டியிருக்கும் முகங்களில் பதினொன்று நான் வரைந்தவை. போன மாதம் நீங்கள் திரை விலக்கிய படமும் என்னுடையதுதான். அன்று நடந்தது உங்கள் எல்லோர் முன்னாலும் நடந்தது. அதற்குப் பிறகு நான் அனுப்பிய மூன்று கடிதங்களுக்கும் "ஒப்பந்தத்தின் ஏழாவது நிபந்தனையைப் பார்க்கவும்" என்ற ஒரே வரிதான் பதிலாக வந்தது. அதனால்தான் இதை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

நிபந்தனையைப் பார்த்துவிட்டேன். மனப்பாடமே ஆகிவிட்டது. "ஓவியர், படத்துக்குரியவரையோ அவர் குடும்பத்தாரையோ நேரடியாகத் தொடர்புகொள்ளக் கூடாது. தேவையான புகைப்படம் குழுவால் வழங்கப்படும்." இந்த இரண்டு வாக்கியங்களையும் எடுத்துவிடுங்கள். கேட்க வந்தது இவ்வளவுதான்.

அது ஏன் வந்தது என்பதும் எனக்குத் தெரியும். மேனாள் தலைவர் ஒருவரின் மகனும் மருமகனும் ஆளுக்கொரு பக்கமாக இழுத்து, ஒருவர் கண்ணாடி போட்டு வரையச் சொல்ல, மற்றவர் கழற்றச் சொல்ல, அந்தப் படம் முடிய ஐந்து மாதம் கூடுதலாக ஆயிற்று. உங்களுக்கு எரிச்சல் வந்தது நியாயம். எனக்கும் வந்தது. ஆனால் மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டையா கொளுத்துவது?

இப்போது, போன மாதம் திரை விலக்கிய அந்தப் பெண்ணின் படத்துக்கு வருகிறேன். பணியில் இருக்கும்போதே இறந்துபோன இளம் ஊழியர். நீங்கள் எனக்கு அனுப்பியது ஒரே ஒரு புகைப்படம். கழுத்துக்குக் கீழே வெட்டப்பட்டு, பின்னணி அழிக்கப்பட்டு, மின்னஞ்சலில் வந்தது. இன்னொரு படம் கிடைக்குமா, அம்மாவிடம் பேசலாமா என்று கேட்டேன். "வழங்கப்பட்ட படமே போதுமானது" என்றீர்கள். வரைந்தேன். ஏழு வாரம். என் கணக்கில் அது நன்றாகவே வந்திருந்தது.

திரை விலகியதும் எல்லோரும் கைதட்டினீர்கள். அந்தப் பெண்ணின் அம்மா தட்டவில்லை. கிட்டே போய், மூக்கு படும் தூரத்தில் நின்று பார்த்தார். பிறகு தன் இடது கன்னத்தை விரலால் தொட்டுக்கொண்டார். படத்தில் மச்சம் வலது கன்னத்தில் இருந்தது. அவர் சத்தம் போடவில்லை, அழவும் இல்லை. பக்கத்தில் நின்ற என்னிடம், நான்தான் வரைந்தவர் என்று தெரியாமலே சொன்னார்: "என் பொண்ணுதாங்க. ஆனா யாரோ மாதிரி இருக்கா. பன்னெண்டு வருஷம் நான்தான் தலை வாரி விட்டேன். வகிடு எந்தப் பக்கம்னு என் கைக்குத் தெரியும்."

வீட்டுக்கு வந்து புகைப்படத்தைக் கணினியில் இடம் வலமாகத் திருப்பிப் பார்த்தேன். விஷயம் விளங்கிவிட்டது. அது அந்தப் பெண் தன் கைப்பேசியின் முன்பக்கக் கேமராவில் தானே எடுத்துக்கொண்ட படம். பல கைப்பேசிகள் அப்படி எடுத்ததைக் கண்ணாடியில் தெரிவது போலவே, பக்கம் மாற்றித்தான் சேமிக்கும். சட்டைப் பொத்தான் தெரிந்திருந்தால் கண்டுபிடித்திருப்பேன். பின்னால் ஒரு பெயர்ப் பலகை இருந்திருந்தாலும் போதும். அதையெல்லாம் வெட்டிச் சுத்தம் செய்து அனுப்பியிருந்தீர்கள்.

அதாவது நான் வரைந்த முகத்தை உலகத்தில் பார்த்துப் பழகியவர் ஒரே ஒருவர்தான். கண்ணாடி முன் நின்ற அந்தப் பெண். அவர் இல்லை. எதிரே நின்று பார்த்த அம்மாவுக்கும் தங்கைக்கும் கூட வேலை பார்த்தவர்களுக்கும் அந்த முகத்தைத் தெரியாது.

இதைக் கடிதத்தில் விளக்கியபோது உங்கள் அலுவலகத்திலிருந்து ஒருவர் தொலைபேசியில் கூப்பிட்டு, நல்ல எண்ணத்தில்தான், "மச்சத்தை மட்டும் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் மாற்றிவிட்டால் போதுமே" என்றார். போதாது ஐயா. எந்த முகமும் இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இருப்பதில்லை. ஒரு இமை கொஞ்சம் இறங்கியிருக்கும், உதட்டின் ஒரு முனை முதலில் சிரிக்கும், ஒரு புருவம் நெளிந்திருக்கும், மூக்குத்தண்டு ஒரு மயிரிழை சாய்ந்திருக்கும். பக்கம் மாறினால் இது அத்தனையும் மாறும். தெரிந்தவர் பார்த்தால் எங்கேயோ இடிக்கும், எங்கே என்று சொல்ல வராது. "யாரோ மாதிரி இருக்கா" என்று அந்த அம்மா சொன்னது எவ்வளவு துல்லியம் என்று பாருங்கள். மச்சத்தை மாற்றினால் மச்சம் சரியாகும். முகம் சரியாகாது.

இத்தனைக்கும் ஒரு தொலைபேசி அழைப்பு போதுமாயிருந்தது. "அம்மா, மச்சம் எந்தப் பக்கம்?" அதைக் கேட்க எனக்கு அனுமதி இல்லை.

இறந்தவர்களை வரைவது எப்படி என்று உங்களில் யாரும் என்னைக் கேட்டதில்லை, கேட்காமலே சொல்கிறேன். குடும்பத்தார் வந்து உட்கார்ந்ததும் முகத்தைப் பற்றிப் பேச மாட்டார்கள். "ரொம்ப நல்லவர்" என்பார்கள். அதை வைத்து எதையும் வரைய முடியாது. ஆகவே நான் வேறு மாதிரி கேட்பேன். கூட்டத்தில் முதுகைப் பார்த்தே கண்டுபிடிப்பீர்களா, எதை வைத்து? தொலைபேசியை எந்தக் காதில் வைப்பார்? பொய் சொன்னால் எப்படித் தெரியும்? இந்தக் கடைசிக் கேள்விக்குச் சிரித்துவிடுவார்கள், அப்புறம்தான் பேச்சு வரும். "அண்ணன் பொய் சொன்னா கீழுதட்டைக் கடிப்பான்" என்று ஒரு தங்கை சொல்லிக்கொண்டே தானும் கடித்துக் காட்டினார். ஆறு வாரம் பிடிபடாமல் இருந்த அந்த வாய் அன்று சாயங்காலம் வந்துவிட்டது.

கூடப் பிறந்தவர் யாராவது இருந்தால் அவரைச் சன்னல் வெளிச்சத்தில் ஒரு மணி நேரம் உட்காரச் சொல்வேன். கழுத்து தோளில் இறங்கும் விதம், காது ஒட்டியிருக்கும் விதம் இவை பல குடும்பங்களில் ஒருவர் போலவே இன்னொருவருக்கு இருக்கும். முக்கியமாக, தோலின் நிறம். கைப்பேசி தோலைத் தேய்த்து வழவழப்பாக்கி, இரண்டு மாற்று வெளுப்பாக்கித் தரும். முகத்துக்கு மிக அருகில் பிடித்து எடுத்தால் மூக்கு பெருத்து, காதுகள் பின்வாங்கிவிடும். அடையாள அட்டைப் படத்திலோ நேர் வெளிச்சம் அடித்து முகமே தட்டையாகிவிடும். தட்டில் நான் குழைக்கும் பழுப்பும் காவியும் சரியா என்று ஒத்துப்பார்க்க எனக்கு உயிருள்ள ஒரு கன்னம் வேண்டும். படம் முடிவதற்குள் பாதிப் பேர் தாமாகவே இரண்டாம் முறை வருவார்கள். வந்து எதுவும் சொல்ல மாட்டார்கள், உட்கார்ந்து தூரிகை போவதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அதற்கு நான் கட்டணம் வாங்குவதில்லை, நிறுத்தச் சொல்வதும் இல்லை.

இது நான் கண்டுபிடித்த வழக்கம் அல்ல. 1633-இல் இங்கிலாந்தில் வெனிஷியா டிக்பி என்ற பெண்மணி தூக்கத்திலேயே இறந்துபோனபோது, அவர் கணவர் கெனெல்ம் டிக்பி அடுத்த இரண்டு நாளுக்குள் ஓவியர் வான் டைக்கை அழைத்து, படுக்கையில் இருந்தபடியே மனைவியை வரையச் சொன்னார். அந்தப் படம் இன்றும் லண்டன் டல்விச் காட்சிக்கூடத்தில் இருக்கிறது. கன்னத்தில் கை வைத்துத் தூங்குவது போலத்தான் இருக்கும், பக்கத்தில் இதழ் உதிர்ந்த ஒரு ரோஜா. ஓவியரும் குடும்பத்தாரும் சந்திக்கக் கூடாது என்று அங்கே ஒரு குழு இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

உயிரோடு இருப்பவர்கள் விஷயமும் ஏறக்குறைய இதுதான். பதவியில் இருப்பவர்கள் முதல் அமர்வில் முகத்தைக் கொண்டுவருவதில்லை. சுவரொட்டிக்கு வைத்திருக்கும் முகத்தைக் கொண்டுவருவார்கள். தாடை தூக்கி, கண் தூரத்தில். அதை இருபது நிமிடத்துக்கு மேல் யாராலும் பிடித்துவைக்க முடியாது என்பதுதான் எங்கள் அதிர்ஷ்டம். உங்கள் மாடிப்படியில் மூன்றாவதாக இருக்கும் நீதிபதி, இரண்டாவது அமர்வில் பாதியில் தூங்கிவிட்டார். விழித்ததும் அவர் பார்த்த பார்வைதான் படத்தில் இருக்கிறது. அதில்தான் அவர் கருணை தெரிகிறது என்று உங்கள் நூலிலேயே அச்சிட்டிருக்கிறீர்கள். நன்றி, ஆனால் அது தூக்கக் கலக்கம்.

"அவர்களுக்கு நேரம் இல்லை" என்கிறீர்கள். அமெரிக்க அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட்டுக்கும் நேரம் இருக்கவில்லை. அவரை முதலில் வரைந்தவர் சார்த்ரான் என்ற பிரெஞ்சு ஓவியர். அந்தப் படம் ரூஸ்வெல்ட்டுக்குப் பிடிக்காமல், கண்ணில் படாத இடத்தில் மாட்டிவைத்து, கடைசியில் அழித்தே விட்டார். 1903-இல் ஓவியர் ஜான் சிங்கர் சார்ஜென்ட் வந்தார். சாப்பாட்டுக்குப் பிறகு தினம் அரை மணி நேரம் தருவதாக ஏற்பாடு. வெளிச்சம் தேடி இருவரும் வெள்ளை மாளிகை முழுக்கச் சுற்றி, இருவருக்கும் பொறுமை போய், மாடிப்படிக் கைப்பிடித் தூணில் கை வைத்தபடி ரூஸ்வெல்ட் எரிச்சலோடு திரும்பிய நிலையில்தான் சார்ஜென்ட் அசையாதீர்கள் என்றார். அந்த எரிச்சலோடுதான் அவர் இன்றும் அங்கே நிற்கிறார். ஒரு நாட்டின் அதிபருக்கு வாய்த்த அரை மணி உங்கள் துணைத் தலைவர்களுக்கு வாய்க்காதா? 2002-இல் ஓவியர் லூசியன் ஃபிராய்டு வரைவதற்காக, தானும் ஓவியரான டேவிட் ஹாக்னி நூறு மணி நேரத்துக்கும் மேல் உட்கார்ந்தார். அதெல்லாம் நான் கேட்கவில்லை. மூன்று அமர்வு, ஒன்று ஒரு மணி நேரம்.

உங்களில் படித்தவர் ஒருவர் சர்ச்சிலைச் சொல்வார். 1954-இல் அவருடைய எண்பதாவது பிறந்தநாளுக்கு பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் சேர்ந்து, அவரை வரையும்படி ஓவியர் கிரஹாம் சதர்லேண்டிடம் சொன்னார்கள். அவருக்காகச் சர்ச்சில் உட்கார்ந்தார். அப்படியும் படம் அவருக்கு அறவே பிடிக்கவில்லை, பின்னால் அவர் மனைவியின் ஏற்பாட்டில் அது எரிக்கப்பட்டது. உண்மைதான். உட்கார்ந்தால் பிடித்துவிடும் என்று நான் சொல்லவே இல்லை. ஆனால் அது யார் என்று ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. பிடிக்காததற்குக் காரணமே அதுதானோ என்னவோ. எனக்கும் அப்படித் திட்டு வாங்கப் பழக்கம் உண்டு. "யாரோ மாதிரி இருக்கா" என்று கேட்டதுதான் இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவை.

சரி, ஒரு யோசனையும் சொல்லிவிடுகிறேன். புகைப்படம் போதும் என்றால் ஓவியர் எதற்கு? அந்தப் புகைப்படத்தையே பெரிதாக்கித் துணியில் அச்சடித்து, மேலே வார்னிஷ் பூசி, ஓரத்தில் நாலு இடத்தில் தூரிகையால் தீற்றிவிட்டால் தூரத்திலிருந்து பார்ப்பவர்களுக்கு எண்ணெய் ஓவியம்தான். செலவு மிச்சம். மென்பொருளைக் கேட்டால் சுருக்கத்தையும் எடுத்துத் தரும், குடும்பத்தாரின் தொல்லையும் இல்லை. உங்கள் ஒப்புதல் படிவத்தில் "உருவ ஒற்றுமை" என்ற கட்டத்தில் இரண்டே தேர்வுகள் இருக்கின்றன: "திருப்தி", "மிகவும் திருப்தி". அந்தப் பெண்ணின் படத்துக்கு "மிகவும் திருப்தி" என்று குறித்திருக்கிறீர்கள். குறித்தவர் அந்தப் பெண்ணை எத்தனை முறை பார்த்திருப்பார் என்று கேட்டால் கோபித்துக்கொள்வீர்கள். எட்டாவது நிபந்தனையாக, திறப்பு விழாவுக்கும் குடும்பத்தார் வரக் கூடாது என்று சேர்த்துவிட்டால் எந்தச் சங்கடமும் வராது.

மன்னிக்கவும். கேட்க வந்ததை விட்டுவிட்டு எங்கேயோ போகிறேன். இத்தனை வருஷம் எனக்கு வேலை கொடுத்தவர்கள் நீங்கள், அந்த நன்றி எனக்கு இருக்கிறது.

ஏழாவது நிபந்தனையை எடுத்துவிடுங்கள். முழுவதும் எடுக்க முடியாது என்றால், குடும்பத்துக்கு ஒருவர் மட்டும் பேசட்டும், அவர் பெயரை நீங்களே எழுதிக் கொடுங்கள். மகனும் மருமகனும் சண்டை போட்டால் அதை நீங்கள் தீர்த்துவையுங்கள், அது உங்கள் வேலை. சந்திப்பின்போது அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து கூட உட்கார்ந்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. சந்திக்க மட்டும் விடுங்கள்.

அப்புறம் அந்தப் படம். அது இன்னமும் உங்கள் மாடிப்படியில்தான் தொங்குகிறது. தயவுசெய்து கழற்றி அனுப்புங்கள், வண்டி வாடகை என்னுடையது. மேலே பூசித் திருத்தப்போவதில்லை, புதிய துணியில் முதலிலிருந்து வரைகிறேன், அதற்கும் கட்டணம் வேண்டாம். அந்த அம்மாவை எனக்கு ஒரு மணி நேரம் தாருங்கள். அவருக்கு இன்னொரு மகள் இருப்பதாக அன்று யாரோ சொன்னார்கள். முடிந்தால் அவரும் வரட்டும். துணியை இழுத்துக் கட்டி, அடிப்பூச்சும் பூசி வைத்துவிட்டேன், இந்த வாரத்தில் காய்ந்துவிடும்.

பதிலுக்குக் காத்திருக்கும்,
உங்கள் ஓவியர்