பெயர் தெரியாத இரத்த வங்கி ஊழியருக்கு நன்றி

அம்மாவின் அறுவை சிகிச்சைக்கு முந்தைய இரவு ஆய்வகப் பணியிலிருந்த உங்களுக்கு, பெயர் கேட்கத் தவறிய மகனின் நன்றி. பழைய அட்டைகளில் 'ஓ பாசிட்டிவ்' என்றே இருந்தது. சிவப்பணுச் சோதனையிலும் அப்படியே வந்தது. ஆனால் இரத்தத்தின் தெளிந்த நீர்ப்பகுதியான சீரத்தைச் சோதித்தபோது, ஏ, பி அணுக்களோடு, திரளக்கூடாத ஓ அணுக்களும் திரண்டதைக் கண்டு, எங்கள் அவசரத்தைப் பொருட்படுத்தாமல் ஓ இரத்தத்தைத் தர மறுத்து, புதிய மாதிரி எடுத்து, ஓ அணுக்களின் மேற்பரப்பிலும் இருக்கும் எச் ஆன்டிஜென் என்ற பொருள் அம்மாவின் அணுக்களில் இல்லாததை உறுதிசெய்தீர்கள். 1952இல் மருத்துவர் பெண்டேவும் உடன் ஆய்வாளர்களும் அறிவித்த 'பம்பாய்' என்னும் அரிய இரத்த வகை அது. அவ்வகையினருக்கு ஓ இரத்தமும் ஆகாது, அதே வகை இரத்தமே வேண்டும். அன்று உங்களிடம் குரலை உயர்த்தியவன் நான்தான்; மன்னியுங்கள். வெளியூர்க் கொடையாளர் ஒருவரின் இரத்தம் வந்துசேர்ந்த பிறகே அறுவை நடந்தது. அம்மா இப்போது வீட்டில் நலமாக இருக்கிறார்.