பண்டிகைக் கால வேலைக்கு மாணவரை எடுப்பவர்களுக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

தீபாவளி, நத்தார் நெருங்கும்போது கொழும்பில் புறக்கோட்டையிலும் வெள்ளவத்தையிலும் புடைவைக் கடைகளில் சேலை மடித்துக்கொண்டு நிற்கும் இளையவர்களில் பலர் மாணவர்கள். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பல்கலைக்கழக அனுமதிக்குக் காத்திருப்பவர்கள், திறந்த பல்கலைக்கழகத்தில் படிப்பவர்கள், தனியார் பாடநெறிக்குத் தவணைக் காசு கட்டுபவர்கள். கொட்டாஞ்சேனையில் நீண்டகாலமாகக் கணக்கியல் படிப்பிப்பவன் என்பதால் இவர்களின் வரவு செலவு எனக்கு நன்றாகத் தெரியும்.

1945 முதல் நமக்கு இலவசக் கல்வி உண்டு. அதன் அருமையை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் அரச பல்கலைக்கழக அனுமதிக்கான வெட்டுப்புள்ளியில் தவறியவருக்கு உயர்கல்வி பெரும்பாலும் காசுக்குத்தான். அரச பல்கலைக்கழகம் கிடைத்தவர்களுக்கும், மாதாமாதம் கிடைக்கும் மஹாபொல புலமைப்பரிசில் கொழும்பில் அறை வாடகைக்கே காணாது. வேலைக்குப் போகாமல் என்ன செய்வார்கள்?

என்னிடம் படித்த ஒரு பிள்ளை கடந்த நத்தார் சீசனில் ஒரு கடையில் நின்றாள். காலை ஒன்பதரைக்குப் போனால் இரவு ஒன்பது மணி. நாள் சம்பளம் 800 ரூபா. கல்லா மேசையில் கிடந்த கொப்பியில் பெயரை எழுதியதோடு சரி, கடிதமும் இல்லை, சம்பளச் சீட்டும் இல்லை. தவணை கட்டவேண்டிய கடைசி நாள் டிசம்பர் 31. "சீசன் முடியட்டும், பார்ப்போம்" என்றவர்கள் காசைக் கொடுத்தது தைப்பொங்கல் கழிந்த பிறகு. பிந்தியதற்கான தண்டப் பணத்தையும் அவளே கட்டினாள்.

அப்போது சட்டப்படி குறைந்தபட்ச நாட்சம்பளம் 1,080 ரூபா. 2026 ஜனவரி முதல் 1,200. எட்டு மணித்தியாலத்துக்கு மேல் வேலை வாங்கினால் மேலதிக நேரக் கொடுப்பனவு தனி. தற்காலிக ஊழியருக்கும் முதலாளி, பிற்காலச் சேமிப்பாக, ஊழியர் சேமலாப நிதிக்கு (EPF) 12 சதவீதம், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு (ETF) 3 சதவீதம் கட்டவேண்டும். அந்தப் பணம் இப்போது படிப்புக்கு உதவாதுதான். ஆனாலும் அந்தப் பிள்ளை உழைத்தாள் என்பதற்கு அது ஒரு பதிவு. நாளை வேறு வேலைக்கு விண்ணப்பிக்கையில் காட்ட ஏதாவது வேண்டாமா?

இந்தக் கடைகளில் பல நம்மவர்களுடையவை. கோயில் திருவிழாவுக்கு அள்ளிக் கொடுப்பவர்கள். அவர்களிடம் நான் தர்மம் கேட்கவில்லை. வேலை நேரத்தையும் சம்பளத்தையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள், கிழமைக்குக் கிழமை காசைக் கொடுங்கள், பரீட்சை நாளில் முகம் சுளிக்காமல் லீவு கொடுங்கள்.

நாரஹேன்பிட்டியிலுள்ள தொழில் திணைக்களத்தாரும் ஒக்டோபர் தொடக்கம் டிசம்பர் வரை இந்தத் தெருக்களுக்கு நேரில் வரவேண்டும். குறைந்தபட்சச் சம்பளம் எவ்வளவு, முறைப்பாட்டை எங்கே கொடுப்பது என்ற விபரங்களைத் தமிழிலும் சிங்களத்திலும் ஒவ்வொரு கடையிலும் ஒட்டச் செய்யவேண்டும்.

இப்படிக்கு,
கணக்கியல் ஆசிரியர்,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13.