காட்டுப்பூனைக்கும் கிராம சபையில் இடம் வேண்டும்: மலையடிவார ஊராட்சிகளுக்கு ஒரு திறந்த மடல்

திருநெல்வேலி மாவட்டத்தில் பாபநாசம் தொடங்கிக் களக்காடு, திருக்குறுங்குடி வரை மலையடிவாரத்தில் உள்ள ஊராட்சி மன்றத் தலைவர்களுக்கும் கிராம வனக்குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

ஆண்டுதோறும் ஜூலை 29ஆம் நாள் உலகப் புலிகள் தினத்தன்று பள்ளிப் பிள்ளைகள் புலி முகமூடி அணிந்து பேரணி போகிறார்கள். ஓவியப் போட்டி நடக்கிறது, பரிசும் உண்டு. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகமாக 1988இல் அமைந்த களக்காடு முண்டந்துறை நம் தலைமாட்டில்தான் இருக்கிறது என்பதைப் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும். ஆனால் புலி பெரும்பாலும் மலைக்கு மேலே வாழ்கிறது. நம் வயலிலும் குளக்கரையிலும் வாழைத் தோட்டத்திலும் நடமாடுகிற மற்றப் பூனை இனங்களின் உயிர் ஆடு வளர்ப்போர் கையிலும் அறுவடைக்குப் போவோர் கையிலும் இருக்கிறது. அவர்களிடம் யாரும் உட்கார்ந்து பேசுவது அரிதாகவே இருக்கிறது. அந்தப் பேச்சைக் கிராம சபையில் தொடங்குங்கள் என்று கேட்கவே இம்மடல்.

முதலில் காட்டுப்பூனை. நாணலும் புதரும் மண்டிய குளக்கரைகளிலும் வரப்போரங்களிலும் இது குட்டி போடுகிறது. இதன் இரையில் பெரும்பகுதி எலி என்பதால் நெல் விளைவிக்கிறவர்களுக்கு இதைவிடச் செலவில்லாத காவல் கிடையாது. இந்த இனம் இன்னும் அழிவின் விளிம்புக்குப் போகவில்லை. ஆனால் தமிழகத்தின் வறண்ட காடுகளிலும் பாறைக் குன்றுகளிலும் வாழும் துருநிறப் புள்ளிப் பூனையின் நிலை வேறு. ஒன்றரைக் கிலோ அளவே எடையுள்ள, இந்தியா, இலங்கை, நேபாளம் ஆகிய மூன்று நாடுகளில் மட்டுமே காணப்படுகிற இந்தச் சிற்றுயிரை, அச்சுறுத்தல் நிலையை நெருங்கிய இனமாகப் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் வகைப்படுத்தியிருக்கிறது. இருட்டில் கோழிக்கூட்டருகே இரண்டு கண்கள் மின்னினால் அது எந்தப் பூனை என்று பார்த்துக்கொண்டு யாரும் கம்பை எடுப்பதில்லை என்பதால், இவ்விரண்டையும் சேர்த்தே சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கிறது.

அறுவடைக் காலத்தில்தான் சிக்கல் முற்றுகிறது. இயந்திரம் வயலில் இறங்கியதும் குட்டிகள் வெளிப்படும். யாரோ ஒருவர் தூக்கிக் கையில் வைத்துப் படம் எடுப்பார். ஒரு மணி நேரத்துக்குள் "சிறுத்தைக் குட்டி பிடிபட்டது" என்று வாட்ஸ்அப்பில் ஊர் ஊராகச் செய்தி பரவும். தாய்ப்பூனை பகலில் ஆள் நடமாட்டத்துக்கு அஞ்சி ஒதுங்கி நிற்குமே தவிர, குட்டிகளைக் கைவிட்டுப் போவதில்லை. அந்தப் பகுதியை மட்டும் அறுக்காமல் விட்டு, நாய்களைக் கட்டிவைத்து, கூட்டத்தைக் கலைத்துவிட்டால் இருட்டியபின் அது வந்து ஒவ்வொன்றாகக் கவ்விச் செல்லும். மனிதர் பாலூட்டி வளர்த்த குட்டியோ காட்டில் தானே இரை தேடிப் பிழைப்பது கடினம். மணல் நிற உடலில் மங்கலான கோடுகளும் வாலில் கரிய வளையங்களும் இருந்தால் அது காட்டுப்பூனை. உடலெங்கும் நெருக்கமான கரும்புள்ளிகள் இருந்தால் சிறுத்தையாக இருக்கலாம், உடனே விலகி நின்று வனத்துறைக்குச் சொல்ல வேண்டும். சிறுத்தைக் குட்டியானாலும் முறை இதுவே: மகாராஷ்டிரத்தின் ஜுன்னர் பகுதிக் கரும்புத் தோட்டங்களில் கிடைக்கும் குட்டிகளை வனத்துறையினர் எடுத்த இடத்திலேயே இரவில் வைத்துத் தாயோடு சேர்த்துவருகிறார்கள்.

சிறுத்தை விஷயத்தில் மக்களிடம் பாதி உண்மையைச் சொல்லிப் பயனில்லை. ஆட்டைப் பறிகொடுத்தவரிடம் சிறுத்தையின் அழகைப் பற்றிப் பேசுவது அறியாமை மட்டுமன்று, அவமதிப்பும்கூட. ஊர் கேட்பது கூண்டு. அந்தக் கோபத்தில் நியாயமும் இருக்கிறது. இருப்பினும், பிடித்த சிறுத்தைகளை வேறு காட்டில் கொண்டுபோய் விட்டபின் விட்ட இடத்தைச் சுற்றி மனிதர் மீதான தாக்குதல் கூடியதை, அதே ஜுன்னர் பகுதியை ஆராய்ந்த வித்யா ஆத்ரேயாவும் உடன் பணியாற்றியோரும் 2011இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. காலியான இடத்துக்கு வேறொரு சிறுத்தை வருவதையும் கூண்டு தடுக்காது. கூரையும் கதவும் உள்ள தொழு, இரவில் ஆடுகளைத் திறந்தவெளிக் கிடையில் விடாமை, இறைச்சிக் கழிவை ஊரோரம் கொட்டி நாய்க்கூட்டத்தை வளர்க்காமை, இவையே உண்மையில் தடுப்பவை. ஏனெனில் சிறுத்தையை ஊருக்குள் இழுப்பதில் தெருநாய்க்குப் பெரும் பங்குண்டு. ஆடு இறந்தால் உடலை அப்புறப்படுத்தாமல் வனத்துறைக்குத் தெரிவித்து, கால்நடை மருத்துவர் சான்று பெற்று இழப்பீடு கோரும் வழியையும் ஒருவர் உடனிருந்து காட்ட வேண்டும். அந்த வழி தெரியாதபோதுதான் செத்த ஆட்டின் மேல் பூச்சிமருந்து தெளிக்கத் தோன்றுகிறது. பன்றிக்கென்று வரப்பில் இழுக்கும் மின்கம்பியும் புதைக்கும் அவுட்டுக்காய் எனும் நாட்டு வெடியும் பன்றியைத் தேடிப் பிடித்துக் கொல்வதில்லை, வழியில் வருவது எதுவோ அதையே கொல்லும்.

இதற்காகப் புதிய அமைப்பு எதுவும் தேவையில்லை. 1990களில் உலக வங்கி உதவியுடன் நடந்த சூழல் மேம்பாட்டுத் திட்டத்தில் உருவான கிராம வனக்குழுக்கள், விறகுக்காகக் காட்டுக்குள் போவதைக் குறைக்கக் கடனும் மாற்றுத் தொழிலும் தந்து மக்களின் நம்பிக்கையைப் பெற்றவை. அக்குழுவைச் சேர்ந்தவர், அதிலும் கூரைத் தொழு கட்டி ஆடு வளர்க்கும் ஒருவர் எழுந்து பேசினால், நகரத்திலிருந்து வரும் பேச்சாளரைவிட ஊர் கூடுதலாகக் கேட்கும்.

கிராம சபை கூடும் நாள்களும் நமக்கு வாகாகவே அமைந்திருக்கின்றன. ஜனவரி 26 கூட்டம் பிசானப் பருவ நெல் அறுவடைக்கு முன்பும், ஆகஸ்ட் 15 கூட்டம் கார்ப் பருவ நெல் அறுவடைக்கு முன்பும் வருகின்றன. இவ்விரு கூட்டங்களின் பொருள் நிரலிலும் இதைச் சேர்த்து, வனச்சரகரையும் கால்நடை மருத்துவரையும் அழைத்து, அறுவடை இயந்திர ஓட்டுநர்களையும் ஆடு மேய்ப்போரையும் கட்டாயம் வரச்சொல்ல வேண்டுகிறேன். ஊர் நாய்களுக்கான தடுப்பூசி முகாமுக்கு நாள் குறிப்பதையும் அதே கூட்டத்தில் முடித்துவிடலாம். கூட்ட அறிவிப்பிலேயே இப்பொருள் இடம்பெற்றால்தான் வனச்சரகருக்கு முறையான அழைப்பு போகும் என்பதால், அறிவிப்பு அச்சாகுமுன் இதைக் கருத்தில் கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அம்பாசமுத்திரம் வட்டத்து விவசாயி ஒருவர்