பழம் தின்றவரும் கரைத்துக் குடித்தவரும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இதழில், மறைந்த பேராசிரியர் ஒருவருக்கான அஞ்சலிக் குறிப்பில், அவர் ‘இலக்கணத்தில் பழம் தின்று கொட்டை போட்டவர்’ என்று அச்சாகியிருந்தது. பாராட்டாகத்தான் எழுதியிருப்பார்கள், சந்தேகமில்லை. ஆனால் இலக்கணத்தைக் கரைத்துக் குடித்தவர் என்றோ, அதில் கரை கண்டவர் என்றோ சொல்லியிருந்தால் பொருந்தியிருக்கும். படிப்புக்கு அந்த இரண்டும் போதும். பழம் தின்று கொட்டை போட்டவர் பட்டுத் தெரிந்துகொண்டவர். அவரிடம் யாரும் எதையும் மறைக்க முடியாது.

இதை யாரும் நேருக்கு நேர் சொல்லிக் கேட்டதும் குறைவு. அடுத்தவரிடம் எச்சரிக்கையாகச் சொல்வதுதான் வழக்கம்: “அவர் பழம் தின்னு கொட்டை போட்டவர், அவர்கிட்ட உன் வித்தையைக் காட்டாதே.” நேற்று வேலைக்கு வந்த பையனை அப்படிச் சொன்னால் அது சுத்தமான கிண்டல்.

நான் பத்திர எழுத்தராக இருந்தவன். எனக்குத் தொழில் சொல்லித் தந்த பெரியவரைப் பற்றி சார்பதிவாளர் அலுவலக வாசலில் இப்படித்தான் பேசிக்கொள்வார்கள். பூர்வீக நிலத்தை விற்க அண்ணன் தம்பி இருவர் வந்து உட்கார்ந்தால், மூலப் பத்திரத்தைப் பிரிக்கும் முன்பே, பேச்சோடு பேச்சாக, “தங்கச்சியை எந்த ஊர்ல கொடுத்திருக்கு?” என்பார். தங்கை என்று ஒருத்தி இருப்பதையே அவர்கள் சொல்லியிருக்க மாட்டார்கள். ஊர்ப்பெயர் தானாக வந்து விழும். அடுத்தது, “கல்யாணம் எந்த வருஷம்?” 1989-இல் தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்து, இந்துக் குடும்பங்களில் அதுவரை மணமாகாத பெண்களுக்கும் பூர்வீகச் சொத்தில் பங்கு உண்டு என்றான சமயம் அது. அந்த இரண்டு கேள்விக்கே பையை எடுத்துக்கொண்டு எழுந்து போனவர்கள் உண்டு. பெரியவர் சட்டப் புத்தகத்தைப் புரட்டி நான் பார்த்ததில்லை.

இன்னொன்று. உங்கள் அரசியல் பக்கத்தில் ஒரே ஆளைப் பழம் தின்று கொட்டை போட்டவர் என்கிறார்கள், நாலு வரி தள்ளி பழம்பெருச்சாளி என்கிறார்கள். முதலாவதில் கொஞ்சம் மரியாதையும் கொஞ்சம் பயமும் கலந்திருக்கும். பெருச்சாளிக்கு அனுபவம் உண்டு, மரியாதை துளியும் கிடையாது. எழுதுகிறவர் எதை நினைக்கிறாரோ அதை மட்டும் எழுதட்டும்.

அப்புறம், அஞ்சலிக் குறிப்புகளை அச்சுக்குப் போகுமுன் மூத்தவர் யாராவது ஒருமுறை பார்த்தால் நல்லது. அந்தப் பேராசிரியரின் மாணவர்களும் உங்கள் நாளிதழைப் படிப்பார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பத்திர எழுத்தர் ஒருவர்