பத்தாம் வகுப்பில் அடைபடும் கதவு

ஆசிரியர் அவர்களுக்கு,

1860-இல் இந்தியாவிலிருந்து தென்னாப்பிரிக்காவின் நேட்டால் கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்த நம் முன்னோர்களுக்கு முதல் ஆண்டில் மாதக் கூலி 10 ஷில்லிங். அதிலிருந்து காய்கறித் தோட்டம், கடை, பிள்ளைகளின் பட்டம் என்று வளர்ந்ததால் ‘உழைத்தால் முன்னேறலாம்’ என்பதை நம் வீடுகள் வேதவாக்காகவே நம்புகின்றன. இன்று எந்தப் பாடத்தில் உழைக்கிறோம் என்பதும் முக்கியம். பத்தாம் வகுப்பில் கணக்குக்குப் பயந்து அதற்குப் பதிலாக ‘மேத்ஸ் லிட்’ என்னும் எளிய அன்றாடக் கணக்குப் பாடத்தை எடுக்கும் பிள்ளை, பன்னிரண்டாம் வகுப்பின் மெட்ரிக் தேர்வில் 90 விழுக்காடு வாங்கினாலும் பொறியியலும் மருத்துவமும் கைக்கு எட்டாது. பாவம், உழைப்பில் குறையே இல்லை! பதினோராம் வகுப்பில் மனம் மாறினால் விட்ட பாடத்தைப் பிடிப்பது பெரும்பாடு. பெற்றோர்களே, பாடத்தேர்வுப் படிவத்தில் கையெழுத்திடும் முன் பல்கலைக்கழகக் கையேட்டைப் பாருங்கள். 1/2 + 1/3 = 2/5 என்று பிள்ளை தவறாக எழுதினால் (சரியான விடை 5/6) குறை பின்னத்தில் மட்டும்தான், கணக்கு முழுவதிலும் அல்ல; ஒன்பதாம் வகுப்பு விடுமுறையிலேயே அதைச் சரிசெய்யலாம்.

வாசகர்,
சாட்ஸ்வொர்த், டர்பன்