பேதுரு ஏன் துக்கப்பட்டான்?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

கர்த்தருடைய நாமத்தில் வாழ்த்துகள். சென்ற இதழில் யோவான் 21ஆம் அதிகாரத்தைப் பற்றி வந்த தியானக் கட்டுரையை வாசித்தேன். உயிர்த்தெழுந்த இயேசு பேதுருவிடம் தன்மேல் அன்பு உண்டா என்று மூன்று தரம் கேட்கும் பகுதி அது. அங்கே வரும் கிரேக்கச் சொற்களை வைத்துக் கட்டுரை சொல்வது இது: இயேசு முதல் இரண்டு தரம் ‘அகாபே’ என்னும் தெய்வீக அன்பைக் கேட்டார். பேதுருவால் ‘பிலியோ’ என்னும் நட்பைத்தான் கொடுக்க முடிந்தது. மூன்றாந்தரம் ஆண்டவரே இறங்கிவந்து ‘பிலியோ’ என்று கேட்டதால் பேதுரு துக்கப்பட்டான் என்கிறது கட்டுரை. கன்வென்ஷன் கூட்டங்களில் நாம் பலமுறை கேட்ட விளக்கம்தான். மூலமொழியைத் தேடிப் போகும் கட்டுரையாளரின் ஆர்வத்தை மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் இந்த விளக்கத்துக்கு யோவான் எழுதிய சுவிசேஷமே இடம் தரவில்லை.

சொற்கள் மாறுவது உண்மை. நம் பழைய மொழிபெயர்ப்பும் ‘அன்பாயிருக்கிறாயா’ என்றும் ‘நேசிக்கிறேன்’ என்றும் அதைக் காட்டியிருக்கிறது. ஆனால் பிதா குமாரனிடத்தில் அன்பாயிருப்பதைச் சொல்ல 3:35இல் அகாபேயின் வினைச்சொல்லைப் போடும் அதே யோவான், 5:20இல் பிலியோவைப் போடுகிறார். ‘இயேசுவுக்கு அன்பாயிருந்த சீஷன்’ என்பதற்கு 20:2இல் பிலியோ, 21:7இல் அகாபே. பிலியோ ஒரு படி குறைந்த அன்பு என்றால், பிதாவின் அன்பையும் குறைத்துச் சொல்ல வேண்டியதாகிவிடும். அந்த உரையாடலிலேயே ‘ஆட்டுக்குட்டிகள்’ ‘ஆடுகள்’ என்று மாறுகிறது. மேய்ப்பதற்கும் இரண்டு சொற்கள் வருகின்றன. அவற்றை வைத்து யாரும் தத்துவம் கட்டுவதில்லை.

அகாபே எப்போதும் தெய்வீகமானது என்பதும் சரியல்ல. இப்பிரபஞ்சத்தின்மேல் ஆசைவைத்துப் பவுலை விட்டுப் போன தேமாவுக்கு, 2 தீமோத்தேயு 4:10இல் வரும் வினைச்சொல் அதுதான். பரிசேயர் முதன்மையான ஆசனங்களை விரும்புவதற்கும் (லூக்கா 11:43) அதுவே. அப்போஸ்தலர் காலத்துச் சபைகள் வாசித்த கிரேக்கப் பழைய ஏற்பாட்டில், அம்னோன் தாமாரின்மேல் வைத்த அந்த இச்சைக்கும் இதே சொல்லைத்தான் காண்கிறோம்.

பேதுருவின் துக்கத்துக்குக் காரணத்தை வசனமே சொல்லிவிடுகிறது: ‘மூன்றாந்தரம் தன்னைக் கேட்டபடியினாலே’. இயேசு பிடிபட்ட இரவில் அவரை அறியேன் என்று மூன்று தரம் மறுதலித்தவனிடம் அவர் மூன்று தரம் கேட்கிறார். கிரேக்கத்தைத் தேடுகிறவர் பார்க்க வேண்டிய சொல் இங்கே இன்னொன்று இருக்கிறது: அந்த்ரகியா, கரிநெருப்பு. புதிய ஏற்பாடு முழுவதிலும் அது இரண்டே இடங்களில் வருகிறது. பிரதான ஆசாரியனின் அரமனை முற்றத்தில் பேதுரு நின்று குளிர்காய்ந்தது ஒரு கரிநெருப்பில் (18:18). கரையில் ஆண்டவர் மீனும் அப்பமும் வைத்துக் காத்திருந்ததும் கரிநெருப்பின் பக்கத்தில் (21:9). மறுதலித்தபோது முகத்தில் அடித்த அதே அனல், அதே புகை. இதைச் சொல்லாமல் அகாபே, பிலியோ என்று மட்டும் பேசிவிட்டுப் போவது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

சபையைக் குறிக்கும் ‘எக்லேசியா’வுக்கும் இதே கதிதான். ‘வெளியே அழைக்கப்பட்டவர்கள்’ என்று சொல்லைப் பிரித்துப் பொருள் சொல்கிறோம். எள்ளும் நெய்யும் சேர்ந்து எண்ணெய் ஆயிற்று என்பதற்காகத் தேங்காய் எண்ணெயில் எள்ளைத் தேடுகிறோமா? அப்போஸ்தலர் 19ஆம் அதிகாரத்தில், தங்கள் தேவியான தியானாளே பெரியவள் என்று இரண்டு மணிநேரம் சத்தமிட்டு, எதற்குக் கூடினோம் என்றே பலருக்குத் தெரியாமலிருந்த எபேசுக் கூட்டத்தையும் லூக்கா எக்லேசியா என்றே எழுதுகிறார். சொல்லுக்கு அன்று கூட்டம், பேரவை என்றுதான் பொருள். அந்தக் கூட்டம் யாருடையது என்பதிலிருந்துதான் சபையின் மகிமை வருகிறது.

பலத்தைக் குறிக்கும் ‘துனாமிஸ்’ என்றால் டைனமைட் என்ற விளக்கத்தையும் விட்டுவிடலாம். ஆல்ஃபிரட் நோபல் தன் வெடிமருந்துக்கு அந்தப் பெயரை வைத்தது 1867இல். பவுல் அறிந்த துனாமிஸ் பலவீனத்திலே பூரணமாய் விளங்கும் பலம்.

இப்போது கைப்பேசி வேதாகமத்தில் ஒரு சொல்லைத் தொட்டால், அதன் மூலச்சொல்லைக் காட்டும் ஸ்டிராங் எண்ணும் நாலைந்து அர்த்தங்களும் வந்துவிடுகின்றன. ஜேம்ஸ் ஸ்டிராங் 1890இல் வெளியிட்டது அடிப்படையில் ஓர் ஒத்தவாக்கிய நூல். எந்தச் சொல் எந்த வசனத்தில் வருகிறது என்று தேடுவதற்கானது. நாமோ பின்னிணைப்பிலுள்ள அர்த்தங்களில் பிடித்ததை எடுத்துக்கொண்டு வசனப் பட்டியலை மூடிவைத்துவிடுகிறோம். பட்டியலில்தான் வேலையே இருக்கிறது.

வேதாகமத்துக்கு வெளியே தேடினாலும் பலன் உண்டு. எகிப்தின் மணலில் கிடைத்த பாப்பிரஸ் தாள்களிலும் ஓட்டுச் சில்லுகளிலும் அக்காலத்துச் சாதாரண மக்களின் கடிதங்கள், கணக்குகள், வரி ரசீதுகள் இருந்தன. அந்த ரசீதுகளில் ‘பெற்றுக்கொண்டேன், பாக்கியில்லை’ என்ற பொருளில் எழுதப்படும் ‘அபெக்கோ’ என்ற சொல்லே மத்தேயு 6:2இல் வருகிறது என்பதை ஜெர்மன் அறிஞர் அடால்ஃப் டைஸ்மன் 1908இல் விளக்கமாக எடுத்துக்காட்டினார். தாரை ஊதித் தர்மம் செய்கிறவர்கள் ரசீதில் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். இனி வரவேண்டியது ஒன்றுமில்லை. ‘தங்கள் பலனை அடைந்து தீர்ந்தது’ என்ற நம் தமிழ் வசனத்தில் அந்தத் ‘தீர்ந்தது’ எவ்வளவு பொருத்தமாக விழுந்திருக்கிறது!

தங்கள் இதழில் மாதம் ஒரு கிரேக்கச் சொல்லுக்கு ஒரு பக்கம் ஒதுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். அந்தச் சொல் வரும் முக்கியமான வசனங்களை முதலில் அச்சிட்டு, விளக்கத்தை அதன் கீழே போட்டால், வேதபாட வகுப்பு நடத்தும் எங்களைப் போன்றவர்களுக்குப் பேருதவியாக இருக்கும். ‘கிருபை’ என்று நாம் சொல்லும் ‘காரிஸ்’ஸில் தொடங்கலாம். லூக்கா 6:32இல் ‘உங்களுக்குப் பலன் என்ன’ என்னும் இடத்தில் வருவதும், 1 கொரிந்தியர் 16:3இல் எருசலேம் சபைக்காகச் சேர்த்த பணத்தைக் குறிப்பதும் அதே சொல்தான்.

தங்கள் நீண்டநாள் வாசகர்,
பாளையங்கோட்டை